கைநாட்டும் கையெழுத்தும்

எழுத்தறிவு பெற்றவர் யார் என்னும் வினாவிற்கு நம் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் எளிய விடையைத் தருகின்றது. ஏழு வயது நிரம்பி, ஏதேனும் ஒரு மொழியில் புரிதலுடன் எழுதவும் படிக்கவும் வல்லவர் எவரோ, அவரே எழுத்தறிவு பெற்றவர். அவர் பள்ளிக்குச் சென்றிருக்க வேண்டும் என்றோ, தேர்வில் வென்றிருக்க வேண்டும் என்றோ அவ்வரையறை கேட்பதில்லை. 1951ஆம் ஆண்டில் இந்தியர் நூற்றுவரில் ஏறத்தாழ 18 பேரே எழுத்தறிவு பெற்றிருந்தனர். 2011ஆம் ஆண்டில் அத்தொகை 70ஐக் கடந்தது. தமிழ்நாடு அதே ஆண்டில் 80 விழுக்காட்டை எட்டியது. கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரன் பேத்தியர் இன்று கையெழுத்திடுகின்றனர். இதில் நாம் பெருமிதம் கொள்வது தகும்.

எனினும், அவ்வரையறையில் உள்ள 'புரிதலுடன்' என்னும் ஒரு சொல்லை நாம் மிக எளிதாகக் கடந்து விடுகின்றோம். வீட்டு வாயிலில் நின்று வினவும் கணக்கெடுப்பாளருக்குப் புரிதலை அளக்க நேரமில்லை. கேட்ட விடையைக் குறித்துக்கொண்டு அவர் அடுத்த வீட்டிற்குச் செல்கிறார். ஆதலின், நம் கையில் உள்ள விழுக்காடுகள் எழுத்தை அளந்தவையேயன்றி அறிவை அளந்தவை அல்ல. இன்றைய சமுதாயத்தில் எழுத்தறிவு என்பது எதனைக் குறிக்கும், அது நம் கள்ளக்குறிச்சி மண்ணில் எவ்வாறு உள்ளது, அதன்பால் தமிழ்த்துறைக்கு உள்ள கடமை யாது என்பவற்றைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் கண்ட முறை

ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 1958ஆம் ஆண்டில், அன்றாட வாழ்வு பற்றிய ஒரு சிறு செய்தியைப் புரிந்து படிக்கவும் எழுதவும் வல்லவரை எழுத்தறிவு பெற்றவர் என்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 1978இல், தான் வாழும் சமூகத்தில் இயங்குவதற்குத் தேவையான அளவு எழுத்தையும் எண்ணையும் பயன்படுத்தத் தெரிந்தவரே செயல்முறை எழுத்தறிவு உடையவர் என அது தன் கருத்தை விரித்தது. சமூகம் மாறுந்தோறும் எழுத்தறிவின் எல்லையும் மாறும் என்பது இதன் உட்பொருள்.

இக்கருத்து தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம், கல்லாமை 41, கேள்வி 42, அறிவுடைமை 43. இவ்வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. கல்வியிலிருந்து நேரே அறிவுடைமைக்கு வள்ளுவர் தாவவில்லை. இடையில் கேள்வியை வைத்தார். நூலைக் கல்லாதவனும் கற்றாரிடம் கேட்டறிந்தால் தளர்ச்சியில் அஃது ஊன்றுகோலாகும் என்றார். அறிவுடைமை அதிகாரத்திற்கு வரும்போது, சொல்பவர் யாராயினும் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்று முடித்தார். எழுத்து, கேள்வி, மெய்ப்பொருள் காணல் என மூன்று படிகள். நம் கணக்கெடுப்புகள் முதற்படியிலேயே நின்று விடுகின்றன.

இஸ்லாமிய மரபிலும் இதற்கு இணையான ஒன்றைக் காணலாம். திருமறையின் முதல் அருட்செய்தி ஓதுமாறு பணித்த கட்டளையாகும் என்பதை நாம் மேடைதோறும் சொல்லி வருகின்றோம். அக்கட்டளையைப் பெற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுதப் படிக்கக் கல்லாதவர்கள் என்பதையும் அதனோடு சேர்த்து எண்ணல் வேண்டும். எழுத்தை அறியாமை இழிவன்று என்பதற்கும், எழுத்தைப் பரப்புதல் கடமை என்பதற்கும் அவர்கள் வாழ்வே சான்று. பத்ருப் போரில் சிறைப்பட்டவருள் எழுதத் தெரிந்தோர், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே அவர்தம் விடுதலைக்கு ஈடாகும் என ஏற்பாடு செய்யப்பட்டதை வரலாற்றாசிரியர் குறித்துள்ளனர். பகைவரிடமிருந்தும் எழுத்தைப் பெறலாம் என்ற பெருநோக்கு அது.

நம் இல்லங்களில்

நம் சமுதாயத்து முதிய பெண்மணிகளை எண்ணிப் பாருங்கள். வைகறையில் எழுந்து திருக்குர்ஆனைத் தங்குதடையின்றி ஓதுவர். அவர்களிடம் கணக்கெடுப்பாளர், "எழுதப் படிக்கத் தெரியுமா அம்மா?" என வினவினால், "தெரியாதுங்க" என்பதே விடையாக வரும். அது பணிவினால் வந்த விடை மட்டுமன்று. அரபு எழுத்தை ஒலிக்கத் தெரியும், பொருள் தெரியாது. தமிழ் பேசத் தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது. எழுத்து ஒரு மொழியிலும் புரிதல் ஒரு மொழியிலுமாக அவர்கள் நின்றனர்.

இந்த இடைவெளியை இணைக்க நம் முன்னோர் கண்ட பாலமே அரபுத்தமிழ். தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையால், அரபு எழுத்து மட்டுமே அறிந்த பெண்களும் தமக்குப் புரியும் மொழியில் நூல் படிக்க முடிந்தது. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த இமாமுல் அரூஸ் அவர்களின் 'மகானி' என்னும் நூல் அவ்வாறே பல இல்லங்களில் பயின்று வந்தது. அப்பெண்களைக் கல்லாதவர் என எவ்வாறு கூறுவது?

நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரையே பள்ளியில் பயின்றவர். ஆயினும் 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார். அந்நூலுக்கு உ. வே. சாமிநாதையர் முன்னுரை எழுதினார் என்பது நாமறிந்த இலக்கிய வரலாற்றுச் செய்தி. பள்ளிப் படிப்பின் அளவைக் கொண்டு அறிவின் அளவைக் கணித்தல் எத்துணைப் பிழையானது என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், இதனைச் சொல்லி நாம் மனநிறைவு அடைந்துவிடலாகாது. பொருளறியாது ஓதும் பழக்கம் மதரஸாவோடு நின்றுவிடவில்லை. நம் கல்லூரி மாணவருள் பலர் தமிழ் உரைநூலை அவ்வாறே ஓதுகின்றனர். ஆங்கில வழியில் பயில்வோர் ஆங்கில நூலை அவ்வாறே ஓதுகின்றனர். தேர்வுத்தாளில் ஒப்பித்ததை எழுதி முதல் வகுப்பில் தேறுகின்றனர். முதிய பாட்டி பக்தியால் ஓதினார்; அவரிடம் எவரும் பொருள் கேட்கவில்லை. பட்டதாரியிடம் பொருள் கேட்பதற்கு உலகம் காத்திருக்கிறது.

மலையின் எழுத்தும் மக்களின் நிலமும்

2019 நவம்பர் 26ஆம் நாள் தொடங்கப்பட்ட நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கெல்லையில் கல்வராயன் மலை நிற்கிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட அம்மலை வட்டத்தில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் எனப் பொருள்படும் பெயர் இது. கேரளத்து மொழியோடு தொடர்புடையதன்று. காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தாரின் வழியினர் தாம் என அவர்தம் வாய்மொழி வரலாறு கூறும். எந்தச் சரிவில் சாமை விதைப்பது, எந்தத் திங்களில் கடுக்காய் பொறுக்குவது, எந்தப் பாறையிடுக்கில் தேன் எடுப்பது என்பவை அவர்கள் நினைவேட்டில் எழுதி வைத்திருக்கும் நூல்கள். அந்நூலகத்திற்குள் நுழைந்தால் நாம்தாம் எழுத்தறியாதவர்.

ஆனால் அம்மலையை ஆண்டது நினைவேடன்று, தாளேடு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் எனும் மூன்று ஜாகீர்தார்களின் கீழ் அம்மலை நெடுங்காலம் இருந்தது. நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1976ஆம் ஆண்டில், அது முழுமையாக அரசு நிருவாகத்தின்கீழ் வந்தது. சமவெளியில் தாத்தா பெயரில் பட்டாவும் பத்திரமும் இருந்த காலத்தில், மலையில் உழுதவனுக்கு உழவு மட்டுமே இருந்தது, எழுத்து இல்லை.

எழுத்து ஒரு மக்கள் கூட்டத்தை எவ்வாறு ஆக்கவும் அழிக்கவும் வல்லது என்பதற்கு அம்மலையாளி மக்களே எடுத்துக்காட்டு. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் பெயருக்கு அருகே தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி எனும் பழைய மாவட்டங்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. கோயம்புத்தூர் மாவட்டத்தின் பெயர் அதில் இல்லை. அம்மாவட்டத்திலிருந்து 1979இல் பிரிந்தது ஈரோடு. எனவே அதே இனத்து மலையாளி ஈரோட்டு மலையில் பிறந்தால் பட்டியலுக்குப் புறத்தே நிற்க நேர்ந்தது. அங்குள்ளோர் தம்மையும் சேர்க்குமாறு நெடுங்காலம் கோரி வந்துள்ளனர். அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்ப்பெயர் விடுபட்டதன் விலை பல குழந்தைகளின் கல்வி உதவியும் வேலைவாய்ப்பும் ஆகும்.

2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தையும் இங்கே நோக்கலாம். 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பே வனநிலத்தைத் தம் பிழைப்புக்காகப் பயன்படுத்தி வந்த பழங்குடியினர் அதன்மேல் உரிமை கோரலாம் என்றது அச்சட்டம். தனியுரிமைக்கு ஒரு படிவம், சமூக உரிமைக்கு வேறொரு படிவம். இரண்டையும் கிராம சபையின் முன் வைத்தல் வேண்டும். சான்றாக எவற்றைக் காட்டலாம் என்னும் விதி மிக நுட்பமானது. அரசு ஆவணங்கள் மட்டுமல்ல, வீடு, வரப்பு, தடுப்பணை, இடுகாடு ஆகியவையும் சான்றாகும். ஊர் மூத்தோரின் வாக்குமூலமும் சான்றாகும். ஆனால் அவ்வாக்குமூலம் எழுத்தில் பதியப்பெற்றிருத்தல் வேண்டும். சட்டம் மலையின் வாய்மொழியை மதித்தது. மதித்தும் அதன் கையில் ஒரு பேனாவைக் கேட்டது. அப்பேனாவைப் பிடிக்க ஊருக்குள் ஒருவரேனும் உளரா என்பதே இன்று எழுத்தறிவின் உரைகல்.

தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 2011இல் ஏறத்தாழ 54 விழுக்காடு. மாநிலத்தின் பொது அளவோ 80. இடையே உள்ள 26 என்னும் எண்ணை வெறும் கழித்தல் கணக்காக எண்ணற்க. முன்பணம் வாங்கிக்கொண்டு எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என அறியாமலே வண்டி ஏறும் இளைஞர் அந்த இடைவெளியில் வாழ்கின்றனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் எனக் கூறி, தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருள் ஜவ்வாது மலை மக்களும் இருந்தனர். கல்வராயன் மலையின் பெற்றோரும் அந்நாளில் தம் பிள்ளைகளை எண்ணி நடுங்கினர். வறுமையே முதற்காரணம், ஐயமில்லை. ஆயினும் ஒப்பந்தம் என ஒன்று உண்டு, அதனைக் கேட்டுப் படித்துப் பார்க்கும் உரிமை தமக்கு உண்டு என அறியாமை அவ்வறுமையின் கைத்துணையாக நிற்கிறது.

சமவெளியின் இரு துயரங்கள்

மலைமக்கள் கல்லாதவர், சமவெளியினர் கற்றவர் என எவரேனும் எண்ணினால், அண்மை ஆண்டுகளில் நம் மாவட்டம் கண்ட இரு துயரங்கள் அவ்வெண்ணத்தைத் திருத்தும்.

முதலாவது, 2022 ஜூலையில் நிகழ்ந்தது. 13ஆம் நாள் கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியில் பயின்ற மாணவி இறந்தார். அம்மரணத்திற்கு விளக்கமும் நீதியும் கேட்பது பெற்றோரின் உரிமை. ஊராரின் உரிமையும் ஆகும். ஆனால் 17ஆம் நாள் கூடிய கூட்டம் கலவரக் கூட்டமாயிற்று. பேருந்துகள் எரிக்கப்பட்டன. மேசையும் நாற்காலியும் சூறையாடப்பட்டன. அப்பள்ளியில் பயின்ற பிற மாணவரின் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. வாட்ஸ்அப் குழுக்கள் வழியே ஆள் திரட்டப்பட்டது எனக் காவல்துறை கூறியது. இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். வாட்ஸ்அப் செய்தியைப் படிக்க எழுத்து வேண்டும். எழுதி அனுப்பவும் எழுத்து வேண்டும். அன்று திரண்டவர் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றோரே. எழுத்தைப் படித்து வந்தவர் எழுத்தையே எரித்தனர். கண்டதைப் படித்தனர், படித்ததை நம்பினர், நம்பியதை அனுப்பினர். 'எழுதியவர் யார், இதனை எவர் கண்டார்' எனக் கேட்கும் மூன்றாம் படியை அவர்களுக்கு எந்தப் பள்ளியும், எந்தக் கல்லூரியும், நாமும் கற்பிக்கவில்லை.

இரண்டாவது, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் நேர்ந்த சாவுகள். அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் இத்தகைய சாவுகள் நேர்ந்து, செய்தித்தாள்களெல்லாம் எழுதியிருந்தன. எத்தனாலையும் மெத்தனாலையும் நிறத்தாலோ மணத்தாலோ எளிதில் பிரித்தறிய முடியாது. பின்னது சிறிதளவு உட்சென்றாலும் பார்வையைப் பறிக்கும், உயிரைக் குடிக்கும். இது பள்ளி வேதியியல் பாடத்தில் உள்ள செய்திதான். நம் ஊரில் ஆயிரக்கணக்கானோர் அதனைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றுள்ளனர். அவ்வறிவு விடைத்தாளிலிருந்து அடுத்த தெருவிற்கு நடந்து செல்லவில்லை.

அதன்பின் நாம் நடந்துகொண்ட முறையையும் சொல்லல் வேண்டும். கற்றோர் பலர் உடனே மலையைச் சுட்டி, அங்கே காய்ச்சுவதால் வந்த கேடு இது என்றனர். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. மலையில் வெல்லமும் பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சும் சாராயம் வேறு. காய்ச்சுவதும் குற்றமே, கேடே. எனினும் ஒன்றை மற்றொன்றாகப் படிப்பது எழுத்தறிவாகாது. அவ்வாண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கெடுத்தது. சாலை, மருத்துவம், கல்வி என அம்மலைக்கு இல்லாதவற்றைப் பற்றி நாடு பேசத் தொடங்கியது. மலையடிவாரத்தில் வாழ்ந்தும் அதுவரை அவற்றை நாம் படித்திருக்கவில்லை.

அறிவொளி தந்த பாடம்

எழுத்தறிவு பெற்றதும் மக்கள் என்ன செய்வர் என்பதற்குத் தமிழகம் ஒரு நல்ல விடையைக் கண்டிருக்கிறது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டம் என அறிவிக்கப்பட்டது. அவ்வலையில் எழுந்ததே நம் அறிவொளி இயக்கம். புதுக்கோட்டையில் அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அவ்வியக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுத் தந்தது. பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டினர். எழுத்தறிவுக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் நகைத்தனர். தொடர்பு உண்டு. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்தவள் பேருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவளோ தண்ணீர்க் குடத்தோடும் பிள்ளையோடும் தான் நினைத்தபோது செல்வாள். படித்ததைச் செயலாக்கக் கால் வேண்டும். அக்காலை இயக்கம் தந்தது.

ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. அங்கே எழுத்தறிவுப் பாடநூலில் சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை இருந்தது. தூபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள் அதனைப் படித்துவிட்டு, இது நம் கதையன்றோ என்றனர். 1992இல் தம் ஊர்ச் சாராயக் கடையை மூடச் செய்தனர். அத்தீ ஊரூராய்ப் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராய விற்பனைக்குத் தடை விதித்தது. ஒரு பாடத்தைப் புரிந்து படித்ததன் விளைவு அது. கருணாபுரத்தை நினைக்கும்போதெல்லாம் தூபகுண்டாவையும் நினைக்குமாறு என் மாணவர்க்கு நான் கூறுவதுண்டு.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளருக்குச் சில வாரங்களில் எழுத்தறிவித்தார். அகர வரிசையில் அவர் தொடங்கவில்லை. செங்கல் போன்ற, அவர்தம் கையில் புழங்கும் பொருளின் பெயரை எடுத்து, அதனைச் சுற்றி உரையாடி, பின்னரே எழுத்தைக் காட்டினார். அடுத்த ஆண்டே இராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையிலிட்டது. அன்றைய பிரேசிலில் எழுத்தறியாதவருக்கு வாக்குரிமை இல்லை என்பதை அறிந்தால் அச்சிறையின் காரணம் விளங்கும். நம் நாடோ முதற் பொதுத்தேர்தலிலேயே எழுத்தறியாதாரையும் சின்னம் பார்த்து வாக்களிக்கச் செய்தது. வாக்கை முன்னரே தந்துவிட்டோம். எழுத்தைத் தரும் கடன் இன்னும் தீரவில்லை.

அறிவொளியின் குறையையும் மறைத்தல் ஆகாது. இயக்கம் ஓய்ந்ததும் பலர் கற்ற எழுத்தை மறந்தனர். படிக்க ஒன்றும் இல்லாத வீட்டில் எழுத்து தங்காது. கையெழுத்துப் போடக் கற்றவர் அதனோடு நின்றனர். அதனால்தான் கையெழுத்தை எழுத்தறிவெனக் கருதும் மயக்கம் நம்மிடையே நிலைத்தது.

எழுதுவோரின் கடமை

இதுவரை படிப்போரைப் பற்றியே பேசினோம். எழுதுவோரிடமும் ஒரு வினா உண்டு. அலுவலகக் கடிதத்தின் ஒரு வாக்கியம் அரைப்பக்கம் நீள்கிறது. வங்கியின் நகைக்கடன் விதிகள் எறும்பளவு எழுத்தில், பலகால் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. மரவள்ளிக் கிழங்கை ஆலைக்கு ஏற்றும் உழவருக்கு மாவுச்சத்தின் 'பாயிண்ட்' கணக்கில் விலை போடப்படுகிறது. அப்பாயிண்ட் எவ்வாறு அளக்கப்பட்டது என்பதை விளக்கும் தாள் அவர் கைக்கு வருவதில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றும் உழவர் எடைச் சீட்டை நன்கு படிப்பர். ஏனெனில் அது எளிய எண்களால் ஆனது. தெளிவாக எழுதினால் மக்கள் படிப்பர் என்பதற்கு அச்சீட்டே சான்று. புரியாதபடி எழுதிவிட்டுப் படிக்கத் தெரியாதவர் என மக்களைப் பழிப்பது அறமாகாது.

காலமும் ஒரு விந்தையைச் செய்துள்ளது. நியாயவிலைக் கடையில் அரிசி வாங்க முனைவரும் விரலை வைக்க வேண்டியுள்ளது. கைநாட்டு மீண்டும் வந்துவிட்டது. இம்முறை அதனை வாங்குவது மசி ஒட்டிய தாளன்று, கருவி. கைப்பேசிக்கு வரும் நான்கிலக்க, ஆறிலக்க எண்களைப் பிறரிடம் சொல்லிச் சேமிப்பை இழந்தோருள் பட்டதாரிகளும் ஓய்வுபெற்ற அலுவலரும் உளர். புதிய எழுத்துக்கு முன் நாம் அனைவரும் முதல் வகுப்பு மாணவரே.

நாம் செய்யத்தக்கன

இவையெல்லாம் தமிழ்த்துறையின் வேலையா என நண்பர் சிலர் வினவக்கூடும். சங்க இலக்கியமும் காப்பியமும் இலக்கணமும் கற்பிக்க வேண்டிய இடத்தில் பட்டாவும் படிவமும் எதற்கு என்பர். அவர் கவலையில் உண்மை உண்டு. இலக்கியத்தை விலக்கிவிட்டுப் படிவம் நிரப்பக் கற்பிக்கும் துறை வெறும் மனு எழுதும் கடையாகிவிடும். ஆனால் மெய்ம்மையைத் தேர்ந்து படிக்கும் பயிற்சி நம் துறைக்கே உரியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஓர் ஏட்டை மட்டும் நம்பவில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடு கண்டு, ஐயமுற்ற இடத்தில் நின்று தேர்ந்தார். ஹதீஸ் கலை வல்லாரும் அவ்வாறே. இமாம் புகாரி போன்றோர் ஒரு செய்தியைக் கேட்டவுடன் ஏற்கவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க இயலுமா, அவர் நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையன என அறிவிப்பாளர் வரிசை முழுதும் ஆராய்ந்த பின்னரே பதிந்தனர். ஏட்டை ஒப்பிட்ட மரபும், அறிவிப்பாளரை ஆராய்ந்த மரபும் ஒருங்கே வாய்த்த கல்லூரி நம் கல்லூரி. வாட்ஸ்அப்பில் வந்ததை ஆராயாது அனுப்பும் மாணவர் நம்மிடமிருந்து வெளியேறுவாராயின், அவ்விரு மரபுக்கும் நாம் செய்யும் குறை அது.

ஆதலின் சில கருத்துகளை ஆசிரியப் பெருமக்கள், மாணவர், ஜமாஅத் பெரியோர் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலாவதாக, நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் பருவத்திற்கு ஒன்றாக, தம் வீட்டில் உள்ள ஓர் ஆவணத்தைக் கொணர்ந்து வகுப்பில் பொருள் கூறல் வேண்டும். பட்டா, சிட்டா, நகைக்கடன் அட்டை, காப்பீட்டுத் தாள் என எதுவாயினும் ஆகலாம். குறுந்தொகைக்குப் பதவுரை சொல்பவர் இதற்கும் பதவுரை சொல்லட்டும். புரியாத தொடரை எளிய தமிழில் திருப்பி எழுதுவதும் அப்பயிற்சியின் பகுதியாகட்டும்.

இரண்டாவதாக, நாட்டுநலப் பணித்திட்ட முகாமில் சாலை கூட்டி மரம் நடுவதோடு நில்லாமல், கல்வராயன் மலை ஊர்களில் மூத்தோரின் வாக்குமூலங்களை அவர் சொல்லியவாறே எழுதித் தரலாம். சொல்லியவாறு எழுதி, அவருக்கே திரும்பப் படித்துக் காட்டி, அவர் ஆம் என்ற பின்னரே தாளை மூடுதல் வேண்டும். அவ்வூர்களிலிருந்து நம் வகுப்பிற்கு வரும் முதல் தலைமுறை மாணவரே இதற்குத் தலைமை ஏற்கத்தக்கவர். அங்கே அவர்கள் ஆசிரியர், நாம் மாணவர்.

மூன்றாவதாக, ஜமாஅத்துகள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவிற்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு மேசை இடலாம். எம்மதத்தவராயினும் வந்து, தமக்கு வந்த கடிதத்தைப் படித்துப் பொருள் கேட்டறியலாம். பத்ருக் கைதியரிடமும் எழுத்தைப் பெற்ற சமுதாயம் அண்டை வீட்டாருக்கு அதனைத் தரத் தயங்கலாகாது. பெண்களுக்கெனத் தனியே மாணவியரும் ஆசிரியையரும் இதனை நடத்தலாம். தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 2011இல் ஆண்களைவிட 13 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்ததை மறத்தல் கூடாது.

இவற்றிற்குப் பெருஞ்செலவில்லை, அரசாணை வேண்டியதில்லை. வேண்டியது மனம் ஒன்றே.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பெறப்போகும் பட்டச் சான்றிதழில் ஒரு கையெழுத்து இருக்கும், அது உங்களுடையதன்று. உங்கள் கையெழுத்து வேறிடங்களில் தேவைப்படும். மலையில் ஒரு முதியவர் சொல்லும் எல்லைக் குறிப்பின்கீழ் சாட்சியாக அது தேவைப்படும். அடுத்த வீட்டம்மா வங்கிக்குத் தரும் விண்ணப்பத்தில், எழுதிப் படித்துக் காட்டியவர் என்ற இடத்தில் தேவைப்படும். அவ்விடங்களில் அச்சமின்றி, பொருளுணர்ந்து, பிறர்க்கு உணர்த்தி ஒப்பமிடுவீர்களாயின், நீங்கள் எழுத்தறிவு பெற்றவர் என்பதைக் கணக்கெடுப்பாளரிடம் சொல்ல வேண்டியதில்லை, ஊர் சொல்லும்.